அத்தியாயம் 4: உங்கள் மண் எதைப் பிடிக்கும், எதை விடும்?

சின்ன காஞ்சிபுரத்தில் சாயம் போடுபவர் யாரையாவது பார்த்தால் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, பட்டுக்குப் போடற அமிலச் சாயத்தைப் பருத்தி நூலுக்குப் போட்டா ஏறுமா?" அவர் சிரித்துவிட்டு, "ஏறாதுப்பா, அலசினா தண்ணியோட போயிடும்" என்பார். தொட்டி ஒன்று, சாயம் ஒன்று, கொதிநீரும் ஒன்று. பட்டு பிடித்துக்கொள்கிறது, பருத்தி விட்டுவிடுகிறது.

வயலில் போடும் உரத்துக்கும் அடிக்கும் மருந்துக்கும் இதே கதைதான். மண்தான் நூல், மழையும் பாசனமும் அலசல். எந்த மண் எதைப் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால், எது உங்கள் கிணற்றில் போய் இறங்கும், எது வாய்க்காலில் அடித்துக்கொண்டு போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வேகவதி ஆற்றைத் தாண்டி ஓரிக்கை, பாலாற்றங்கரை வரை சிறு நிலமோ வீட்டுத் தோட்டமோ வைத்திருப்பவர்களுக்காக, அதிலும் அருகே கிணறோ போரோ உள்ளவர்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. இதிலுள்ள ஐந்து சோதனைகளையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பெரும்பாலான பொருள்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கொள்கை

1. களிமண் துகளின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அம்மோனியம், பொட்டாசியம் போல நேர்மின்னூட்டம் உள்ளவை அதில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டும் குளோரைடும் எதிர்மின்னூட்டம் உள்ளவை, ஒட்டாது. 2,4-டி களைக்கொல்லியின் பிடிமானமும் மிகக் குறைவு.

2. தண்ணீரில் எளிதில் கரையாத, எண்ணெய்க் குணமுள்ள மருந்துகள் மண்ணின் மக்கில் போய்ப் பதுங்கும். குளோர்பைரிபாஸ், டி.டி.டி. இந்த வகை. நன்றாகக் கரையும் இமிடாகுளோபிரிட் போன்றவை தண்ணீரோடு இறங்கக்கூடியவை.

3. ஒரு விதிவிலக்கு உண்டு. பாஸ்பேட்டும் கிளைபோசேட்டும் எதிர்மின்னூட்டம் உள்ளவைதான். ஆனால் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணில் இந்தப் பிடி அதிகம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால், ஆண்டாண்டாக டி.ஏ.பி. போட்ட நிலத்தில் கிளைபோசேட்டுக்கு இடம் குறையும்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள ஒரு வரி: பிடித்தது மண்ணோடு போகும், பிடிக்காதது தண்ணீரோடு போகும்.

இதற்கு நம் பாலாறே சாட்சி. ஆற்றின் மேல்பகுதியில் வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அந்தக் கழிவில் இருந்த உப்பு நிலத்தடி நீரோடு பரவிக் கிணறுகளை உவர்ப்பாக்கியது. குரோமியத்தின் பெரும்பகுதி மண்ணிலும் வண்டலிலுமே தங்கும் இயல்புடையது. ஒரே கழிவில் வந்த இரண்டு பொருள்கள் இரண்டு வழியில் பிரிந்துவிட்டன. வேளாண்மைக்கு உதாரணம் வேண்டுமென்றால் டி.டி.டி. இருக்கிறது. பயிருக்கு அதைப் பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது. மண்ணை விட்டு எளிதில் போகாததால் அதன் எச்சம் இன்னும் நிலங்களில் தென்படுகிறது.

தேவையான பொருள்கள்

- ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் 5
- பழைய வேட்டித் துணி, கழுவிய ஆற்று மணல் ஒரு சொம்பு
- மெத்திலீன் புளூ கரைசல் (மீன் தொட்டிப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும்)
- கேசரி கலர் பொடி
- ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர் 6 (இனி இவற்றைக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது)
- ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு, ஓர் அடி நீளம்
- நைட்ரேட் சோதனைப் பட்டைகள்
- மண்வெட்டி, வாளி, ரப்பர் கையுறை, நோட்டு

சோதனை 1: மண் எடுப்பது

1. அறுவடை முடிந்து அடுத்த உரம் போடாத இடைவெளியில் எடுங்கள். சொர்ணவாரி முடிந்து சம்பாவுக்கு உழும் முன் உள்ள நாட்கள் தோதானவை.
2. ஒரே மாதிரியான நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.
3. மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள்.
4. எல்லாவற்றையும் வாளியில் கலந்து சாக்கில் பரப்பி நான்கு பாகமாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டை ஒதுக்குங்கள். மூன்று கிலோ அளவுக்கு வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.
5. நிழலில் உலர்த்தி, கட்டியைக் கையால் உதிர்த்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிடுங்கள்.

*தவறு:* வரப்பு, மரத்தடி, எருக்குழி, கிணற்று மேடு ஆகிய இடங்களில் மண் எடுப்பது. இவை உங்கள் வயலின் குணத்தைக் காட்டாது.

*குறிப்பு:* இதே மண்ணில் அரைக் கிலோவைத் தனியே கட்டி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துவிடுங்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் பார்க்கப்படுகின்றன. அவற்றில் கரிமக் கார்பனும் கார அமில நிலையும் இந்த அத்தியாயத்துக்கு உதவும். பூச்சிமருந்து எச்சத்தை அந்த அட்டை சொல்லாது.

சோதனை 2: கலக்கித் தெளிய வைப்பது

1. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள்.
2. ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, யாரும் தட்டாத இடத்தில் வையுங்கள்.
3. ஒரு நிமிடத்தில் படிவது மணல். அந்த உயரத்தைப் பேனாவால் கோடிடுங்கள்.
4. இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். இரண்டாவது கோடு.
5. இரண்டு நாளில் படிவது களி. மூன்றாவது கோடு.

பாதிக்கு மேல் மணல் இருந்தால் உங்களுக்கு நைட்ரேட் கவலை அதிகம். களி கால் பங்குக்கு மேல் இருந்தால் வெடிப்புக் கவலை. அது ஏன் என்பது அடுத்த சோதனையில் கண்ணுக்கே தெரியும்.

சோதனை 3: இரண்டு சாயம்

இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தச் சோதனையில்தான். மெத்திலீன் புளூ நேர்மின்னூட்டம் உள்ள சாயம். அது அம்மோனியத்துக்குப் பதிலாள். கேசரி கலர் எதிர்மின்னூட்டம் உள்ளது. அது நைட்ரேட்டுக்குப் பதிலாள்.

1. நான்கு பாட்டில்களின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். மூடியில் சூடான ஊசியால் ஐந்து துளை போட்டுத் திருகி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.
2. கழுத்தில் துணி, அதன் மேல் இரண்டு விரற்கடை கழுவிய மணல்.
3. அதன் மேல் நான்கு அங்குலம் மண். இரண்டு பாட்டிலில் உங்கள் வயல் மண். மற்ற இரண்டில் வயல் மண் மூன்று பங்கும் நன்கு மக்கிய எரு ஒரு பங்கும் கலந்தது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் பாட்டிலை லேசாகத் தட்டுங்கள். அழுத்த வேண்டாம்.
4. கீழே சொட்டும்வரை வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள்.
5. காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு நீலம், இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை கேசரி கலர். இந்த அளவில் இரண்டிரண்டு டம்ளர் கரைத்துக்கொள்ளுங்கள்.
6. ஒவ்வொரு வகை மண்ணிலும் ஒரு பாட்டிலுக்கு நீலம், ஒன்றுக்கு கேசரி என்று ஊற்றுங்கள். அது உள்ளே இறங்கியதும் வெறும் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராக நான்கு முறை ஊற்றுங்கள்.
7. கீழே வருவதை அரை டம்ளருக்கு ஒருமுறை டம்ளரை மாற்றிப் பிடியுங்கள். வரிசையாக வைத்து, எந்த டம்ளரில் நிறம் முதலில் தெரிந்தது என்று எழுதுங்கள்.

களி மண்ணில் சொட்டு விழ அரை நாள்கூட ஆகும். பொறுமையாக இருங்கள், குச்சி விட்டுக் குத்தாதீர்கள்.

நிறத்தைப் படிப்பது எப்படி

- முதல் ஒன்றிரண்டு டம்ளர் தெளிவாக இருந்து, பிறகு கேசரி நிறம் தெரிவது மணற்பாங்கான மண்ணின் வழக்கம். மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சாயம் பின்னால் வருகிறது. யூரியா நைட்ரேட்டாக மாறிய பிறகு உங்கள் வயலில் நடப்பதும் இதுதான்.
- கேசரி தாமதமாக, வெளிறி வந்தால் மண்ணில் இரும்பு ஆக்சைடோ மக்கோ அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது.
- நீலம் பெரும்பாலும் வெளியே வராது. பாட்டிலைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே ஒரு அங்குலத்துக்குள் நீலப் பட்டையாக நிற்கும். பட்டை மெல்லியதாக இருக்க இருக்க மண்ணின் பிடி வலுவானது. வெறும் ஆற்று மணலில் செய்தால் நீலம் இன்னும் கீழே இறங்கியிருக்கும்.
- எரு கலந்த பாட்டிலில் வெளிவரும் தண்ணீர் தானாகவே பழுப்பாக இருக்கலாம். அதைச் சாயம் என்று எண்ணிவிடாதீர்கள்.

வெடிப்புச் சோதனை

நீலம் ஊற்றிய பாட்டிலை அப்படியே மூன்று நான்கு நாள் வெயிலில் காய விடுங்கள். களிச் சத்துள்ள மண் சுருங்கி, பாட்டில் சுவரை விட்டு விலகி நிற்கும். நடுவிலும் கோடு விழும். இப்போது புதிதாக ஒரு டம்ளர் நீலம் ஊற்றுங்கள். நேற்றுவரை ஒரு சொட்டு நீலம்கூட விடாத அதே மண், இன்று நீலத்தை மளமளவென்று கீழே அனுப்பும். மண்ணுக்குப் பிடிக்கும் சக்தி குறைந்துவிடவில்லை, தொட்டுப் பிடிப்பதற்கு நேரம் கொடுக்காமல் தண்ணீர் இடுக்கு வழியே ஓடிவிட்டது. கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் மருந்தையும் முதல் தண்ணீரையும் ஒன்றாகக் கொடுப்பவர்கள் செய்வது இதைத்தான்.

சோதனை 4: ஓர் அங்குல மழை

1. பி.வி.சி. குழாய்த் துண்டை வயலில் வைத்து, மேலே பலகை வைத்து இரண்டு மூன்று அங்குலம் இறங்கும்வரை தட்டுங்கள்.
2. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் மேல் 460 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். ஆறு அங்குல விட்டத்துக்கு இது ஓர் அங்குல மழைக்குச் சமம்.
3. தாளை மெதுவாக உருவிக் கடிகாரம் பாருங்கள். தண்ணீர் மறைந்து மண் மினுமினுக்கும்போது நிறுத்துங்கள்.
4. உடனே இரண்டாவது 460 மில்லி. கணக்கில் எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது நேரத்தைத்தான். காய்ந்த மண் முதல் முறை அவசரமாகக் குடிக்கும்.

சில நிமிடங்களில் மறைந்தால் உங்கள் அபாயம் கீழ்நோக்கி, கிணற்றை நோக்கி. ஒரு மணி நேரமானாலும் நிற்கிறதென்றால் அபாயம் பக்கவாட்டில், வாய்க்காலையும் ஏரியையும் நோக்கி.

சோதனை 5: கிணற்று நீர்

1. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.
2. அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள்.
3. அன்றே பட்டையை நனைத்து, அட்டையில் சொன்ன நேரத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். பட்டை உறையைக் கவனமாகப் படியுங்கள். சில பட்டைகள் "நைட்ரேட்" என்றும், சில "நைட்ரேட் நைட்ரஜன்" என்றும் காட்டும். இரண்டாவது வகையில் 10 என்பதே ஏறக்குறைய 45க்குச் சமம். 10 என்று பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

வரம்பை நெருங்கினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள். ஒருமுறை கோடையிலும் ஒருமுறை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாருங்கள்.

ஒரு மூட்டைக் கணக்கு

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. அதில் கால் பங்கு மட்டும் நைட்ரேட்டாகிக் கீழே இறங்கினால் அது சுமார் 23 கிலோ நைட்ரேட். சுத்தமான தண்ணீர் 5 லட்சம் லிட்டரை 45 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுபோக அது போதும். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 42 நடை. ஒரே மூட்டையின் கால் பங்குக்கு இந்தக் கணக்கு.

பார்த்ததை வைத்து என்ன செய்வது

*தண்ணீரைச் சட்டென்று விடும் மணற்பாங்கான மண்ணுக்கு (பாலாற்றை ஒட்டிய நிலங்கள்):*

1. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டை வைத்து, பயிர் கேட்கும்போது மட்டும் கொடுங்கள்.
2. அடுத்த இரண்டு நாளில் கனமழை என்று வானிலை அறிக்கை சொன்னால் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.
3. ஆழப் பாய்ச்சுவதை விட்டு அடிக்கடி குறைவாகப் பாய்ச்சுங்கள்.
4. மக்கிய எருவைத் தொடர்ந்து சேருங்கள். அளவு மீறினால் எருவிலிருந்தும் நைட்ரேட் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

*வெடிக்கும் களி மண்ணுக்கு:*

1. முதலில் வெறும் தண்ணீரை மெல்லப் பாய்ச்சி வெடிப்பு மூடும்வரை காத்திருங்கள். உரமும் மருந்தும் அதன் பிறகுதான்.
2. அறுவடை முடிந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டி வெடிப்பின் வாயை அடையுங்கள்.

*இறுகப் பிடிக்கும் செம்மண்ணுக்கும் சரிவான நிலத்துக்கும்:*

1. இங்கே நஞ்சு மண்ணோடு பயணம் செய்கிறது. ஆகவே மண்ணை நகர விடாதீர்கள். வரப்பை உயர்த்தி, வாய்க்கால் ஓரத்தில் ஏழெட்டு அடிக்குப் புல் விடுங்கள்.
2. 2015 டிசம்பர் மழையில் செந்நிறமாக ஓடிய தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சிவப்புக்குள் பாஸ்பேட்டும் மருந்து எச்சமும் ஒட்டிக்கொண்டு போயின.

*நெல்லுக்கு ஒரு குறிப்பு:* தண்ணீர் நிற்கும் சேற்று வயலில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும். சேற்றுழவில் அடியில் இறுகிய தட்டும் கசிவைக் குறைக்கும். தண்ணீரை வடித்துக் காய விட்டதும் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறத் தொடங்கும். நெல்லுக்குப் பின் உடனே காய்கறியோ பூவோ போடுபவர்கள், மண்ணில் மிஞ்சியதைக் கணக்கில் வைத்து அடியுரத்தைக் குறையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- "கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்." கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கலக்க, வரம்பு மீறிய தண்ணீரைத் தொடவே கூடாது.
- "மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்." நீங்கள் பார்த்த கேசரி டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள்.
- "மண் பிடித்துவிட்டது, கவலையில்லை." மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மேல் ஓரடி மண்ணில்தான் அதிகம். அதைத் தாண்டி இறங்கியது சிதைய நீண்ட காலமாகும்.
- மோட்டார்க் குழாயை மருந்துத் தொட்டிக்குள் முக்கி நிரப்புவது. கரண்ட் போனதும் குழாய் வழியே மருந்துத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்ப உறிஞ்சப்படலாம். குழாயின் வாய்க்கும் தொட்டி நீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.
- சாயச் சோதனையை மருந்தின் அளவாக எடுத்துக்கொள்வது. நிறங்கள் போக்கைத்தான் காட்டும். எச்சத்தின் அளவை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

பாதுகாப்பு

1. சோதனையில் உண்மையான பூச்சிமருந்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சாயம் போதும்.
2. மெத்திலீன் புளூ தோலிலும் துணியிலும் ஏறினால் எளிதில் போகாது. கையுறை அவசியம். பட்டுத் தறி ஓடும் வீடென்றால் பாவுக்கும் நூலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.
3. சோதனை முடிந்த நீல மண்ணையும் தண்ணீரையும் கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, ஒரு குழியில் கொட்டி மூடுங்கள்.
4. மருந்து கலப்பதும் தெளிப்பான் கழுவுவதும் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி. எருக்குழிக்கும் அதே தூரம்.
5. காலி மருந்து பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானுக்குள்ளேயே ஊற்றுங்கள். பாட்டிலில் துளையிட்டுவிடுங்கள். வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.
6. மருந்து டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான். மயக்கமோ வாந்தியோ வந்தால் 108ஐ அழைத்து, டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
7. தண்ணீர் எடுக்கப் பாழடைந்த கிணற்றுக்குள் இறங்காதீர்கள். கயிற்றில் கட்டிய பாத்திரம் போதும்.

நோட்டில் ஒரு பக்கம்

கடைசியாக, ஒரே பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: மண் எடுத்த தேதி. மணல், வண்டல், களி உயரம். கேசரி நிறம் தெரிந்த டம்ளர் எண். நீலப் பட்டையின் கனம். இரண்டாவது அங்குலம் இறங்கிய நிமிடம். கிணற்று நைட்ரேட், கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

எரு சேர்த்து ஓராண்டு கழித்துத் திரும்பச் செய்யும்போது கேசரி நிறம் ஒரு டம்ளர் தள்ளி வந்தால்கூட உங்கள் மண் மாறத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்தைக் கிழித்து உர மூட்டை அடுக்கும் இடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சம்பாவுக்கு யூரியா மூட்டையைப் பிரிக்கும்போது கண்ணில் பட வேண்டியது அதுதான்.